கண்மாய்த் தூண்டிலுக்குப் போலரைஸ்டு கண்ணாடி: இரண்டு மாதம் போட்டுப் பார்த்ததில்

சோழவந்தான் பக்கம் தென்கரைக் கண்மாயில், குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிறேன். காலை எட்டு மணி ஆனால் போதும், தண்ணீர் புதுத் தகரம் மாதிரி மின்னும், தக்கை அசைகிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பார்த்தே தலைவலி வந்துவிடும். அதற்காகத்தான் 1,150 ரூபாய் கொடுத்துப் பழுப்பு நிறத்தில் ஒரு போலரைஸ்டு கண்ணாடி வாங்கினேன். கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது.

முதல் நாளே மடைக்குப் பக்கத்தில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஒரு சலசலப்பு. கண்ணாடியைப் போட்டதும் மேலே இருந்த வெள்ளைப் பளபளப்பு போய்விட்டது, உள்ளே சிவப்பாகப் பொடிப்பொடியாக விரால் குஞ்சுக் கூட்டம், அதற்கு ஒரு முழம் கீழே அசையாமல் தாய் விரால், தலையில் இருந்த வரிகூடத் தெரிந்தது. தூண்டிலைப் போடவில்லை, அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். கழற்றிப் பார்த்தேன், வெறும் வெளிச்சம்தான்.

விஷயம் இதுதான்: தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிரும், இந்தக் கண்ணாடி அதைத்தான் தடுக்கிறது. செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் பார்க்கும்போது பலன் அதிகம், அதாவது கரையில் நிற்கிறவருக்கு எட்டு பத்து அடி தள்ளி. காலடியில் நேர் கீழே பார்த்தால் பெரிய வித்தியாசம் இருக்காது. மழைக்குப் பிறகு செம்மண் கலங்கிய தண்ணீரிலும் மீன் தெரியாது, கூச்சம் குறையும், அவ்வளவுதான். சில போன்களில் திரையைத் திருப்பினால் கறுப்பாகிவிடும், பயப்பட வேண்டாம், மறுபடி திருப்பினால் தெரியும்.

இதற்கு முன்னால் ஒரு கடையில் போலரைஸ்டு என்று சொல்லி 350 ரூபாய்க்குக் கொடுத்தது வெறும் கறுப்புக் கண்ணாடி. அதனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். இரண்டு கண்ணாடிகளை ஒன்றின் முன் ஒன்றாகப் பிடித்து, ஒன்றைச் செங்குத்தாகத் திருப்புங்கள், நிஜம் என்றால் இரண்டும் சேர்ந்த இடம் இருண்டுவிடும். அப்புறம், யூவி 400 (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கான குறி) என்று இருக்கிறதா பாருங்கள், அந்தத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியில் கண் பாப்பா விரிந்து புற ஊதாக் கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும்.

நிறம் என்றால் நம்ம கண்மாய்க்குப் பழுப்புதான், மேகமூட்டத்திலும் தக்கை எடுப்பாகத் தெரிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கழற்றிவிடுகிறேன். பின்னால் ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள், மீனைத் தூக்கக் குனியும்போது நழுவுகிறது. பக்கத்தில் வீசுகிறவரின் கொக்கி முகத்துக்கு வந்தாலும் கண்ணுக்கு முன்னால் ஒரு மறைப்பு இருக்கும். என் தம்பி பவர் கண்ணாடி போடுகிறவன், அவனுக்கு மேலே மாட்டுகிற கிளிப் வகையில் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.