வலி மாத்திரை எடுப்பவர்களே, ஈறைக் கவனியுங்கள்

கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பறிகொடுத்த பிறகு இதை எழுதுகிறேன். ஓபியாய்டு வகை வலி மாத்திரைகளை, அதாவது டிரமடால், டேபென்டடால், மார்ஃபின், புப்ரினார்பின் போன்றவற்றை, மாதக்கணக்கில் எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டிஸ்க் விலகி ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகும் காலில் வலி விடவில்லை. வலி சிகிச்சை நிபுணர் முதலில் டிரமடால் எழுதினார், நரம்பு வலிக்கென்று இரவில் அமிட்ரிப்டிலினும் சேர்த்தார். பிறகு டிரமடாலை நிறுத்தி, நாக்கடியில் வைத்துக் கரைக்கும் புப்ரினார்பினுக்கு மாற்றினார். மலச்சிக்கல் வரும், தூக்கம் வரும், மது தொடக்கூடாது, நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று எல்லாம் சொன்னார். வாயைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

சில வாரங்களில் ராத்திரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் படுக்க முடியாது. அப்புறம் பல் துலக்கினால் எச்சிலோடு ரத்தம். சரி, பல் டாக்டரைப் பார்ப்போம் என்று போனேன். அங்கேதான் இரண்டாவது கூத்து.

“சரியாகத் துலக்குவதில்லை நீங்கள்” என்றார். கிளீனிங் செய்தார், ஒரு மவுத்வாஷ் கொடுத்து அனுப்பினார். உள்ளே போகும்முன் நிரப்பிய படிவத்தில் ‘தற்போது எடுக்கும் மருந்துகள்’ என்ற இடத்தில் மூன்று வரி எழுதியிருந்தேன். அதை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தது, ஏற்கெனவே காய்ந்த வாயை அது இன்னும் காய வைக்கும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி போனேன். அதே கிளீனிங், அதே அறிவுரை, அதே பாட்டில்.

பல் ஆட ஆரம்பித்ததும் வேறொருவரிடம் போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “வாய் காய்கிறதா? என்ன மாத்திரை எடுக்கிறீர்கள்?” இந்தக் கேள்விக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கிறது!

மெல்லிய கம்பி போன்ற கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு அளந்தார். 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம். எனக்கு அந்த இரண்டு பற்களைச் சுற்றி 7. முந்தைய இடத்தில் இப்படி ஒருமுறைகூட அளக்கவில்லை.

அவர் நேர்மையாகவே சொன்னார்: மாத்திரை நேராகப் போய் ஈறைத் தின்பதில்லை, பல்லில் படியும் கிருமிப் படலம்தான் தின்கிறது. ஆனால் அதைக் கழுவிவிடுவதும், அமிலத்தை முறிப்பதும் எச்சில். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் அந்த எச்சிலை ஓபியாய்டுகள் குறைத்துவிடும். அமிட்ரிப்டிலினும் அதையே செய்யும். எனக்கு இரண்டும் சேர்ந்து. ஈறு இறங்கினால் பல்லின் வேர் வெளியே தெரியும், வேருக்கு எனாமல் கவசம் கிடையாது, அங்கே சொத்தை சீக்கிரம் பிடிக்கும்.

எனக்கு இன்னும் ஆறாத விஷயம் வேறு. ஈறு நோய் பொதுவாகவே சத்தம் போடாமல் வளரும். கொஞ்சநஞ்சம் வலித்தாலும், முதுகுக்கு என்று போட்ட மாத்திரை அதையும் சேர்த்து அமுக்கிவிடும். எக்ஸ்ரேயில் சீழ்க்கட்டி தெரிந்தது. எனக்கோ அந்தப் பக்கம் மெல்லும்போது ஒரு கனம், அவ்வளவுதான். வலிக்கவில்லையே, பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நானும் இருந்துவிட்டேன். அந்த ஏமாளித்தனம் என் கணக்கில்.

புப்ரினார்பின் விஷயம் ஒன்றும் ரகசியமில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022 ஜனவரியிலேயே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. வாயில் கரைக்கும் புப்ரினார்பின் எடுத்தவர்களில் பற்சொத்தை, வாய்த்தொற்று, பல் இழப்பு என 305 பேரின் பாதிப்புகள் பதிவாகியிருந்தன. முன்பு பல் தொல்லையே இல்லாதவர்களும் அதில் உண்டு. எளிய வழியும் சொல்லியிருக்கிறார்கள்: மாத்திரை முழுதாகக் கரைந்ததும் ஒரு பெரிய மடக்குத் தண்ணீரை வாயில் மெதுவாகச் சுழற்றி விழுங்க வேண்டும், அதன்பின் ஒரு மணி நேரம் பல் துலக்கக்கூடாது. நானோ கசப்பு போகட்டும் என்று கரைந்த கையோடு பிரஷ்ஷை எடுத்து அழுத்தித் துலக்கிக்கொண்டிருந்தேன்.

புற்றுநோய் வலிக்காகக் குச்சி மிட்டாய் மாதிரி சப்பும் ஃபென்டனில் எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம். அதில் ஒவ்வொன்றிலும் சுமார் 2 கிராம் சர்க்கரை இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும் பாடு பல்வலியைவிட மோசம். நானும் இன்னும் எடுக்கிறேன். ஆரம்பிக்கும்போதே பல்லைக் காட்டி, ஈறை அளந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்து, அவர்கள் படிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். எனக்கு இப்போது ஃப்ளோரைடு அதிகமான பேஸ்ட், ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ், சர்க்கரை இல்லாத சூயிங் கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

வலி நிபுணரிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த சீட்டில் ‘கரைந்ததும் கொப்பளிக்கவும்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார். முதல் பல் கிளினிக்குக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பினேன். அடுத்த கிளீனிங் இலவசம் என்று பதில் வந்தது.