குளோரெல்லா பொடி வாங்கலாமா? முதலில் தண்ணீரைக் கேளுங்கள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் குளோரெல்லா என்ற பச்சைப்பாசியின் பொடி ஓடுகிறது. 100 கிராம் பாக்கெட் 650 ரூபாய், நானும் அம்மாவும் ஆளுக்குத் தினம் அரை ஸ்பூன், அப்படி மூன்று பாக்கெட் தீர்ந்தது. வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்கலாம், ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் விற்கிறவரிடம் ஒன்று கேட்டே ஆக வேண்டும்: இது எந்தத் தண்ணியில் வளர்ந்தது?

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர் திருப்பூருக்குக் கிழக்கே நொய்யல் கரையில். சாயத்தண்ணி ஆற்றில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதையும், தோட்டத்துக் கிணறெல்லாம் உப்பாகிப் போனதையும் பார்த்து வளர்ந்தவள் நான். பாசிக்கு ஒரு குணம் உண்டு, தண்ணியில் ஈயம், காட்மியம் எது கலந்திருந்தாலும் உறிஞ்சித் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்தம் செய்ய குளோரெல்லாவை வளர்த்துப் பார்ப்பதும் இந்தக் குணத்துக்காகவும்தான். அதே பாசி தட்டுக்கு வரும்போது அது குடித்த தண்ணியைத்தான் நாமும் சாப்பிடுகிறோம்.

முதலில் வேறொரு இடத்தில் ஆன்லைனில் வாங்கினேன். போன் போட்டுக் கேட்டால் "இயற்கையானதுங்க மேடம்" என்பதோடு சரி. பிரித்தால் கருவாட்டு வாசம், பொடி கட்டிகட்டியாக இருந்தது, தயாரித்த தேதியும் இல்லை. அப்படியே குப்பையில் போட்டேன். இப்போது வாங்குவது கோவையில் ஒரு சின்னக் கடையில். கேட்ட அன்றைக்கே ஆய்வக அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் என்று நாலு வரி, நாலும் வரம்புக்குள். அதில் இருந்த பேட்ச் நம்பரும் என் பாக்கெட்டின் அடியில் அச்சடித்திருந்த நம்பரும் ஒன்றுதானா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒத்துப்போச்சு.

சரி, பொருளுக்கு வருவோம். கடைக்காரர்கள் சிலர் சுருள்பாசியையும் இதையும் ஒன்று என்பார்கள், இரண்டும் வேறு. சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா, நீலப்பச்சை வகை, பாக்டீரியா இனம். குளோரெல்லாதான் அசல் பச்சைப்பாசி, உப்பில்லாத தண்ணியில் வளரும் ஒற்றைச் செல் உருண்டை. 1890இல் பெயரிங்க் என்ற டச்சு அறிவியலாளர் பெயர் வைத்தது. இலைகள் கரியமில வாயுவை எப்படி உணவாக்குகின்றன என்று மெல்வின் கால்வின் கண்டுபிடித்து 1961இல் நோபல் வாங்கினாரே, அந்த ஆராய்ச்சியில் உழைத்ததும் இந்தப் பாசிதான்.

இதன் செல்சுவர் ரொம்பக் கெட்டி. உடைக்காமல் அப்படியே தின்றால் உள்ளே இருக்கிற சத்து நமக்கு முழுசாகச் சேராது, ஆகவே பாக்கெட்டில் 'செல்சுவர் உடைக்கப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். உலர்ந்த எடையில் பாதிக்கும் மேல் புரதம் என்பது உண்மைதான். ஆனால் நான் சாப்பிடுவது ஒன்றரை கிராம், அதில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. ஒரு முட்டையிலேயே ஆறு கிராம் இருக்கிறது, புரதத்துக்கு நம்ம கொள்ளுப்பருப்பே போதும். இரும்புச்சத்து, பச்சையம், கண்ணுக்கு நல்லதான லூட்டின், இதற்காகத்தான் இதை வாங்க வேண்டும். சுருள்பாசியில் இருக்கும் பி12 பெரும்பாலும் நம் உடம்புக்கு உதவாத வடிவம். குளோரெல்லாவில் உதவுகிற வடிவம் இருக்கும், ஆனால் அளவு பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 9.6 இருந்தது, இப்போது 11.2. டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையும் கூடவே ஓடுவதால் பாசிதான் ஏற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். எலுமிச்சை பிழிந்த தண்ணியிலோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் இரும்பு நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. அம்மாவுக்கு அந்த டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போட வைப்பதுதான் பெரிய பாடு.

சமையலில் முதல் வாரம் சந்தகை (எங்கள் ஊர் இடியாப்பம்) மாவில் கலந்து பிழிந்தேன். மாவாக இருக்கும்போது வாழைக்குருத்துப் பச்சை, ஆவியில் வெந்து இறக்கினால் காய்ந்த வேப்பிலை நிறம். சூட்டில் பச்சையம் தன் மெக்னீசியத்தை இழந்துவிடும், அதனால் வருகிற பழுப்பு. அப்புறம் சூடு படாமலே சேர்க்கிறேன். ஆறிய கம்மங்கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, கடைசியாகப் பொடியைக் கலக்கிவிட வேண்டும். முதல் நாள் அம்மா சொம்பை எட்டிப் பார்த்து, "ஏஞ்சாமி, தொட்டிப் பாசிய வழிச்சுப் போட்டுட்டியா?" என்றார். இப்போது அவரே கேட்டு வாங்கிக் குடிக்கிறார். எள்ளுச் சட்னியிலும் நன்றாக ஒளிந்துகொள்கிறது. வெறும் தண்ணியில் மட்டும் வேண்டாம், குளத்து வாடை தொண்டையிலேயே நிற்கும்.

நிஜமாகவே தொட்டிப் பாசியைக் காயவைத்தால் ஆகாதா என்று சித்தப்பா கேட்டார். கூடவே கூடாதுங்க. அதில் கலந்து வளரும் சில நீலப்பச்சைப் பாசிகள் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும், கொதிக்க வைத்தாலும் அது போகாது.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், இதில் வைட்டமின் கே உண்டு. முதல் சில நாள் வயிறு உப்பும், மலம் பச்சையாகப் போகும், பயப்பட வேண்டாம். கால் ஸ்பூனில் தொடங்குங்கள்.

கடையில் 250 கிராம் எடுத்தால் விலை குறைத்துத் தருகிறேன் என்றார்கள். பிரித்த பொடி வெளிச்சத்திலும் காற்றிலும் வாசம் மாறிவிடும் என்பதால் நாலாவது தடவையும் 100 கிராம்தான் சொல்லியிருக்கிறேன், புதுப் பேட்சின் அறிக்கையோடு.