பழைய ஆயிலுக்கு எந்தக் கலம்? டின், டிரம், பக்கெட், கேன்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அதில்தான் தெருக்காரர்களின் வண்டிகளைப் பழுது பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு பைக்குகளுக்காவது ஆயில் மாற்றுவேன், மாதத்துக்கு ஒரு காரும் வந்துவிடும். பைக்குக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர், காருக்கு மூன்று நான்கு லிட்டர் என்று வைத்தால் மாதம் பன்னிரண்டு லிட்டர் கறுப்பு எண்ணெய் சேர்கிறது. அதை எதில் வைப்பது என்று தேடி ஆறு ஆண்டுகளில் பலவற்றை மாற்றிவிட்டேன். இப்போது கொட்டகையில் இருப்பவை குறுகிய வாயும் திருகு மூடியும் கொண்ட 20 லிட்டர் வெள்ளை கேன்கள். இனி மாற்றும் எண்ணம் இல்லை. ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

தண்ணீர் பாட்டிலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இன்ஜினைச் சற்று ஓடவிட்டுச் சூட்டோடு வடித்தால்தான் அழுக்கு முழுவதும் இறங்கும். அந்தச் சூட்டில் மெல்லிய பெட் பாட்டில் இடுப்பு ஒடுங்கிச் சுருண்டுவிடும். அதைவிட முக்கியம், குடிநீர் பாட்டிலிலும் குடிநீர் கேனிலும் இன்ஜின் ஆயிலை ஒருநாளும் வைக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்தக் கேன் எப்போதாவது தண்ணீர் பிடிக்கத் திரும்பிப் போய்விடவும் கூடும்.

சமையல் எண்ணெய் வரும் 15 கிலோ தகர டின் மலிவு, ஹோட்டல்களிலும் பலகாரக் கடைகளிலும் எளிதாகக் கிடைக்கும். உள்நாட்டு ஊர்களில் அது போதுமாக இருக்கலாம். கடற்காற்று வீசும் ஊரில் போதாது. என் டின்னின் அடித்தையலில் முதலில் மிளகளவுக்குத் துரு தெரிந்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடத்தில் விரல் வைத்தால் ஈரமாக எண்ணெய் ஒட்டியது. சிமெண்டுத் தரையில் அந்தச் சதுரக் கறை இன்றும் இருக்கிறது.

200 லிட்டர் நீல டிரம் வாங்கச் சொல்லிப் பலரும் யோசனை சொன்னார்கள். எனக்குச் சேரும் அளவுக்கு அது நிறைய ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும். நிறைந்துவிட்டால் 180 கிலோ கனக்கும், ஒருவராக நகர்த்த முடியாது. சிப்காட் தொழிற்பேட்டை இருக்கும் ஊர் என்பதால் இங்கே பழைய ரசாயன டிரம்கள் தாராளமாக விலைக்கு வருகின்றன. முன்பு அதில் என்ன இருந்தது என்பது விற்பவருக்கே தெரியாவிட்டால் அந்த டிரம்மைத் தொடாமல் இருப்பதே நல்லது. உள்ளே மிச்சமிருக்கும் ஏதோ ஒன்று எண்ணெயோடு கலந்தால், பிறகு அந்த எண்ணெயைச் சுத்திகரிப்பவர் வாங்க மாட்டார். தினம் பத்து வண்டி பார்க்கும் பட்டறைக்கு டிரம்தான் சரி. வீட்டுக்கு வேண்டாம்.

ஆக, உண்மையான போட்டி பக்கெட்டுக்கும் கேனுக்கும்தான். புது ஆயில் வரும் 20 லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட்டைப் பட்டறைகளில் கேட்டால் சும்மாவே தருவார்கள். தடித்த பிளாஸ்டிக், நல்ல கைப்பிடி, அகன்ற வாய். வடி தட்டை அப்படியே கவிழ்த்து ஊற்றலாம், புனல் தேவையில்லை. நான்கு ஆண்டுகள் நான் பக்கெட்டில்தான் வைத்திருந்தேன். குறை முழுவதும் மூடியில் இருக்கிறது.

அந்த மூடி ஒருமுறை மூடி அனுப்புவதற்காகச் செய்யப்பட்டது. விளிம்பைச் சுற்றியுள்ள கொக்கிகளை ஒவ்வொன்றாக நெம்பித்தான் திறக்க வேண்டும். வாரம் இரண்டு முறை நெம்பினால் சில மாதங்களில் இரண்டு கொக்கிகள் உடைந்துவிடும், உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் ஒரு பக்கம் பிதுங்கி நிற்கும். அதன் பிறகு மூடி மேலே உட்கார்ந்திருக்குமே தவிர இறுக்கமாக மூடாது. மூடிக்கு மேடான விளிம்பு வேறு இருப்பதால், கொட்டகைத் தகரத்தில் ஒழுகும் மழைநீர் அதன்மேல் தட்டில் ஊற்றியதுபோலத் தேங்கும்.

தேங்கிய நீர் மேலேயே இருந்துவிடாது. பகல் வெப்பத்தில் பக்கெட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து மூடி இடுக்கு வழியாக வெளியேறுகிறது. இரவில் உள்ளே குளிர்ந்து சுருங்கியதும், வெளியேறிய அளவுக்கு உள்ளே இழுக்கிறது. இடுக்கின் மேல் தண்ணீர் நின்றால் காற்றோடு தண்ணீரும் போகும். தினம் சில சொட்டுதான், ஆனால் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் இது நடக்கிறது. தண்ணீர் கனமானது என்பதால் அடியில் போய்த் தங்கும், மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு முறை பக்கெட்டைச் சாய்த்துக் காலி செய்தபோது கடைசி இரண்டு லிட்டர் பால் கலந்த காபி நிறத்தில் கொழகொழவென்று வந்தது. பழைய ஆயிலை எடுத்துக்கொள்ள வந்தவர் சூடான தகட்டில் அதில் ஒரு சொட்டு விட்டார். படபடவென்று பொரிந்தது. நீர் இருக்கிறது என்று சொல்லி அந்தப் பக்கெட்டைத் திருப்பி வைத்துவிட்டார்.

அதற்கும் பிறகு நான் திருந்தவில்லை. மூடிமேல் செங்கல் வைத்துச் சமாளித்தேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியது. உள்ளே இரண்டு பக்கெட்டும், சில நாட்களுக்கு முன்பு நண்பர் கொடுத்த ஒரு வெள்ளை கேனும் இருந்தன. எண்ணெய் தண்ணீரைவிட இலேசு, அதனால் பாதி நிறைந்த கலம் எதுவானாலும் மிதக்கும். பக்கெட்டுகள் மிதந்து சாய்ந்ததும் செங்கற்கள் விழுந்து மூடிகள் திறந்துகொண்டன. கேன் மிதந்துபோய் மாடிப்படிக்கு அடியில் படுத்துக் கிடந்தது. திருகு மூடியைச் சுற்றி ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

விடிந்ததும் பக்கத்து வீட்டு அத்தை மதில் அருகே நின்று, “தம்பி, கிணற்றில் எண்ணெய் மிதக்கிறதே” என்று மட்டும் சொன்னார். அந்தக் கிணற்று நீரில்தான் அவர் கனகாம்பரம் வளர்க்கிறார். எட்டிப் பார்த்தேன். நீர்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம் உறைகளைத் தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தது. பழைய பருத்தித் துணிகளைக் கயிற்றில் கட்டி இறக்கி மூன்று நாட்கள் ஒற்றி எடுத்தேன். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான மதிலில் வெள்ளம் நின்ற உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் அது மேலே தெரிகிறது.

2011இல் ‘தானே’ புயல், 2015இல் பெருவெள்ளம், பிறகு ஃபெஞ்சல் என்று பார்த்துவிட்ட ஊர் இது. இங்கே கலத்தின் விலை, கொள்ளளவு, ஊற்றும் வசதி எல்லாவற்றையும் விட மூடிதான் முக்கியம். கவிழ்த்தால் ஒழுகாத மூடி வேண்டும். வாங்கும்போதே கேனில் பாதி தண்ணீர் நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாக ஒரு மணி நேரம் தாளின் மேல் நிறுத்துங்கள். தாள் நனைந்தால் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடிக்குள் இருக்கும் வாஷர் நைந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். சோதித்த கேனை ஒரு நாள் கவிழ்த்துக் காயவைத்த பிறகே எண்ணெய் ஊற்ற வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எச்டிபிஇ பிளாஸ்டிக், இன்ஜின் ஆயிலுக்கு ஏற்றது. ஆனாலும் நான் ஆயிலை வடி தட்டிலேயே ஆறவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.

கேனுக்கும் குறைகள் உண்டு. புனலும் கம்பி வலையும் வைத்து மெதுவாகத்தான் ஊற்ற முடியும், அவசரப்பட்டால் வாயில் வழியும். உள்ளே படியும் கசடைத் தேய்த்துக் கழுவ வழியில்லை. வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்பதால் நிழலில் வைத்திருக்கிறேன். எத்தனை ஆண்டு தாங்கும் என்று உறுதி கூற எனக்கு அனுபவம் போதாது. அந்தப் புயலுக்குப் பிறகு ஒரே ஒரு முழு மழைக்காலத்தைத்தான் என் கேன்கள் பார்த்திருக்கின்றன. இரும்பு வளையம் போட்டு இறுக்கும் 35 லிட்டர் சிறு டிரம்மை நான்கு மாதம் வைத்திருந்தேன், மூடி நன்றாகவே இருந்தது. வளையத்தில் துரு ஏறத் தொடங்கியதும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். புதுச்சேரிப் பக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு அது ஒத்துவரலாம்.

நிறைந்த கேன் 18, 19 கிலோ இருக்கும். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்திக் கயிறு கட்டி, ஊருக்குள் இருக்கும் ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டு போகிறேன். பழைய ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளர் அந்தப் பட்டறைக்கு வந்து எடுத்துக்கொள்கிறார். கான்கிரீட் போடும் சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை, முதல் மழையில் அது மண்ணுக்குத்தான் போகும்.

கொட்டகையில் இப்போது மூன்று கேன்கள், சுவரில் பதித்த கொக்கியில் கயிற்றால் கட்டியபடி, இடுப்பு உயரப் பலகைமேல் நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் ‘இன்ஜின் ஆயில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறேன். பெட்ரோல், கூலன்ட், பிரேக் ஆயில் எதையும் அதில் ஊற்றுவதில்லை. பெட்ரோல் கலந்தால் எளிதில் தீப்பற்றும், மற்றவை கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. பிரேக் ஆயிலுக்குத் தனியாக ஒரு லிட்டர் டப்பா இருக்கிறது. அதற்கும் திருகு மூடிதான்.