பூனைக்குத் திரவம் ஏற்றிய மருத்துவமனை: இரண்டு நாள் அனுபவம்

மூன்று நாட்களாக வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கமே போகாமல் சுருண்டு கிடந்த எங்கள் வயதான பூனையை, சிரை வழியே திரவம் ஏற்றுவதற்காக ஒரு செல்லப்பிராணி மருத்துவமனையில் இரண்டு நாட்கள் வைத்திருந்தோம். டிரிப் போடுவது என்றால் பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்ட விடுவது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன்.

மருத்துவர் முதலில் பிடரித் தோலைக் கிள்ளி உயர்த்தி, அது மெதுவாகப் படிவதை எங்களுக்குக் காட்டினார். முதுமையில் தோல் இயல்பாகவே தளர்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பாமல், ஈறைத் தொட்டு அது வறண்டு விரலில் ஒட்டுவதையும் பார்த்த பிறகே, நீரிழப்பு ஏறக்குறைய 8 சதவீதம் என்று மதிப்பிட்டார். 4 கிலோ எடைக்கு அது 320 மில்லி. அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மில்லி வீதம் 200 மில்லி. ஆக, 24 மணி நேரத்தில் 520 மில்லியை மணிக்குச் சுமார் 22 மில்லியாக ஏற்ற வேண்டும் என்று எங்கள் முன்னிலையிலேயே கணக்கிட்டு எழுதினார். உப்புகள் கலந்த ரிங்கர் லாக்டேட் திரவத்தை, குறித்த வேகத்தில் செலுத்தும் கருவியான இன்ஃப்யூஷன் பம்ப் மூலம் செலுத்தினார்கள்.

நான் மிகவும் மதித்தது அதற்குப் பிந்திய கவனிப்பைத்தான். அளவுக்கு மீறிய திரவம் நுரையீரலிலும் அதைச் சுற்றியும் தேங்கி மூச்சை அடைக்கும்; இதய நோய் மறைந்திருக்கும் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே தொடங்குமுன் இதயத்தைக் கேட்டார்கள். பகல் முழுவதும் மூச்சை எண்ணி, காலையும் மாலையும் எடை பார்த்தார்கள். மறுநாள் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது தெரிந்ததும் அதைத் திரவத்தில் கலந்தார்கள். வேகமாகச் சென்றால் இதயத்துடிப்பே நிலைகுலையும் என்பதால் பம்பின் வேகத்தை இருவர் தனித்தனியே சரிபார்த்ததைக் கண்டேன். அன்று மாலை எடை 4.3 கிலோ, எழுதி வைத்த கணக்கோடு அது ஒத்துப்போனது.

குறை இரவில்தான். பூனை முன்னங்காலை மடக்கியதால் குழாய் நெளிந்து பம்ப் நின்றுவிட, எச்சரிக்கை ஒலி கேட்டும் வெகுநேரம் ஒருவரும் வரவில்லை. ஏனெனில் பணியில் இருந்தவர் ஒருவரே. பதிவேட்டில் அந்த நேரக் கட்டங்கள் வெறுமையாகவே இருந்தன. கேட்டபோது மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள் என்றாலும், பகலில் அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த இடத்தில் இது நேர்ந்திருக்கக் கூடாது. மீண்டும் தேவைப்பட்டால் இங்கேயே செல்வேன். ஆனால் இரவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சேர்ப்பேன்.