வேலை தேட எது கைகொடுக்கும்: செயலியா, அகப்பக்கமா, புலனக் (வாட்ஸ்அப்) குழுவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வேலைத் தளம் செய்யலாம் என்று நண்பர்களுக்குள் பேச்சு வந்ததும் முதலில் கிளம்பிய சண்டை இதுதான். செயலி செய்தால்தான் இளையோர் மதிப்பார்கள் என்றது ஒரு கட்சி. புலனக் குழு போதும், வேறெதுவும் வீண் செலவு என்றது இன்னொன்று. நான் அகப்பக்கத்தின் பக்கம்.

செயலிக்கு உள்ள பலத்தை மறுக்க முடியாது. ஜாப்ஸ்ட்ரீட், மாவ்கெர்ஜா போன்ற வேலை தேடும் செயலிகளைப் பயன்படுத்தியவர்களுக்குத் தெரியும்: புது வேலை வந்ததும் கைப்பேசி மணியடிக்கும், ஒருமுறை தந்த விவரத்தை மறுபடி கேட்காது. ஆனால் வேலை தேடுகிறவர் எத்தனை நாள் அதை வைத்திருப்பார்? வேலை கிடைத்த அன்றே அழித்துவிடுவார். அண்ணன் கொடுத்த பழைய கைப்பேசியில் குடும்பக் குழுவின் திருமண வீடியோக்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்க, இன்னொரு செயலியை ஏற்ற முதலில் எதையாவது அழிக்க வேண்டும். செய்கிறவர் பாடும் லேசில்லை. ஆண்ட்ராய்டுக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று எனப் பராமரிக்க வேண்டும். கூகுளுக்கு ஒருமுறை 25 அமெரிக்க டாலர், ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர் கட்ட வேண்டும்.

அகப்பக்கத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் தனி இணைப்பு இருக்கும். பக்கத்துக்குள் வேலை விவரங்களைக் கூகுள் கேட்கும் வடிவில் எழுதி வைத்தால், 'ஈப்போ வேலை' என்று தேடுகிறவருக்கும் அது கண்ணில் படும். கடைசி நாளையும் சேர்த்துக் குறிக்கலாம். மணியடிக்கும் விஷயத்தில் மட்டும் செயலிக்குக் கொஞ்சம் பின்தங்கும். ஆண்ட்ராய்டில் அகப்பக்கமே அறிவிப்பு அனுப்பலாம். ஐபோனிலோ 2023-இல் ஐஓஎஸ் 16.4 வந்த பிறகுதான் அது முடிந்தது, அதுவும் பக்கத்தை முகப்புத் திரையில் சேர்த்தால் மட்டுமே.

புலனக் குழு அந்தக் காலத் தோட்டத்துப் பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) மாதிரி, சேதி எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழும். அந்த வேகத்தை எந்தச் செயலியும் தொட முடியாது. கோளாறு அதற்குப் பிறகு வருகிறது. படமாக வந்த விளம்பரத்தில் தேதி இருக்காது. ஆள் எடுத்து மாதக்கணக்கான பின்னும் அதே படம் பெரியம்மா வழியாகத் திரும்பி வரும். முன்பணம் கேட்கும் மோசடியும் இதே படத்தில்தான் உலா வருகிறது. ஆகவே புலனத்தை எதிரியாக்காமல், அதில் பகிர்வதற்கென்றே அகப்பக்கத்தைக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். இணைப்பை அனுப்பினால் சம்பளமும் இடமும் முன்னோட்டத்தில் தெரிய வேண்டும். ஆள் எடுத்தாகிவிட்டால் அதே இணைப்பைத் தொடுகிறவருக்கு 'இடம் நிரம்பிவிட்டது' என்று வர வேண்டும். பகிர்ந்த படத்தை யாரால் திருத்த முடியும்?

சரி, பக்கத்துக்குள் என்ன இருக்க வேண்டும்? பெரிய தளங்கள் வெறும் தேடல் பெட்டியை நீட்டி, வேலையின் பெயரைக் கேட்கின்றன. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பெண்ணுக்கு வேலையின் பெயர் தெரியாது. எப்படிப் போய் வருவது என்பதுதான் அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் முதல் கேள்வி. அதனால் நான் பெட்டியைக் கீழே தள்ளி, வேலை அட்டைகளை மேலே வைப்பேன். ஒவ்வொரு அட்டையிலும் ஃபேக்டரி பஸ் எங்கே நிற்கும், ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும், ஹாஸ்டல் உண்டா என்பவை முதல் வரியிலேயே தெரிய வேண்டும். தூரத்தில் பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸ் வேலைக்கு ஹாஸ்டல் முக்கியம். பக்கத்துச் செம்மோர் வேலைக்கு பஸ் முக்கியம்.

சம்பளத்தை அடிப்படை, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) என இரண்டாகப் பிரித்தே காட்ட வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். '2,800 வெள்ளி (ரிங்கிட்) வரை' என்று விளம்பரம் சொல்லும். அடிப்படைச் சம்பளம் 2025-இல் வந்த குறைந்தபட்சமான 1,700 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 26 நாளாலும் 8 மணி நேரத்தாலும் வகுத்தால் மணிக்கு 8.17 வெள்ளி, சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, அதாவது 12.26 வெள்ளி. வேறு அலவன்ஸ் இல்லையென்றால் மிச்ச 1,100 வெள்ளியை எட்ட ஏறத்தாழ 90 மணி நேரம் ஓ.டி. பார்க்க வேண்டும். சட்டம் அனுமதிக்கும் மாத உச்சமே 104 மணி நேரம்தான். இந்தக் கணக்கை அட்டையே போட்டுக் காட்டினால் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்து யாரும் அதிர்ச்சியடைய வேண்டியதில்லை. முதலாளிகள் முனகுவார்கள், முனகட்டும்.

விண்ணப்பிக்கும் இடத்தில் ரெசுமேவை பி.டி.எஃப். ஆக ஏற்றச் சொல்வது ஒரு வழி, நாலைந்து கேள்வி கேட்டு அனுப்புவது இன்னொரு வழி. அலுவலக வேலைக்கு ரெசுமே வேண்டியதுதான். ஆப்பரேட்டர் வேலைக்கு எதற்கு? ஃபோட்டோஸ்டாட் கடைக்குப் போய் யாரையாவது அடித்துத் தரச் சொல்லி, மின்னஞ்சல் கடவுச்சொல்லும் மறந்துபோய், பாதியில் கைவிட்டவர்கள் நம் பக்கம் நிறைய. பெயர், கைப்பேசி எண், எங்கே குடியிருக்கிறீர்கள், என்று முதல் வரலாம், மோட்டார் லைசென்ஸ் உண்டா, அவ்வளவு போதும். ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணை நேர்முகத் தேர்வு வரை கேட்கவே கூடாது.

தோற்றத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் 48 அலகு (திரையில் அளக்கும் dp) அளவுக்குக் குறையாத பொத்தான். வெயிலில் நின்று பார்த்தாலும் தெரிகிற எழுத்து. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்துப் போடுகிறவரை மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் நிற்க வைத்துப் படிக்கச் சொல்ல வேண்டும்.

மொழிக்கும் ஒரு சண்டை நடந்தது. முழுக்கத் தமிழா, மலாயா? விளக்கங்களும் எச்சரிக்கைகளும் தமிழில், வேலையின் பெயர் மட்டும் ஃபேக்டரி கேட்டில் எழுதியிருப்பது போலவே மலாயில். நேர்முகத் தேர்வில் காதில் விழப்போவதும் அதே பெயர்தான். மொழி மாற்றும் பொத்தான் மெனுவுக்குள் ஒளியாமல் மேலேயே இருக்கட்டும்: மகள் மலாயில் படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டும்போது ஒரே தொடுதலில் தமிழுக்கு மாறிவிடும்.