காசு கொடுத்துச் செய்வித்த போர்ட்ஃபோலியோவில் என்னுடையதல்லாத எட்டு வேலைகள்

கொழும்பில் வேலை தேடிக்கொண்டிருக்கும் வடிவமைப்பாளர்களும் படவரைஞர்களும் புகைப்படக் கலைஞர்களும் இதைப் பணம் கட்டுவதற்கு முன்பே வாசித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். 75,000 ரூபாய் கொடுத்து என் பெயரில் நான் செய்வித்த போர்ட்ஃபோலியோவில், அதாவது ஒருவர் செய்த வேலைகளைக் காட்டும் இணையத் தொகுப்பில், நான் ஒருபோதும் செய்யாத எட்டு வேலைகள் என்னுடையவையாகக் காட்டப்பட்டிருந்தன. அதை நான் முதன்முதலாகக் கண்டது ஒரு நேர்முகத் தேர்வு அறையில், மூன்று பேர் முன்னிலையில், சுவரில் இருந்த திரையில்.

கொட்டாஞ்சேனையில் உள்ள ஓர் அச்சகத்தில் ஏழு ஆண்டுகள் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள், கவிதைத் தொகுதிகள், மும்மொழித் துண்டுப்பிரசுரங்கள் என்று எதையும் தட்டாமல் செய்த இடம் அது. 2022 இல் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்களைப் போன்ற சிறிய அச்சகங்கள் அந்த அடியிலிருந்து முழுமையாக எழவில்லை. இந்த ஆண்டின் தொடக்கத்தில் வடிவமைப்புப் பிரிவை மூடிவிட்டார்கள். கையில் ஒரு சுயவிபரக்கோவையும், பென் டிரைவ் ஒன்றில் ஏழு ஆண்டு வேலையும் மட்டும் இருந்தன. விண்ணப்பித்த இடங்களில் எல்லாம் போர்ட்ஃபோலியோ இணைப்பை அனுப்புங்கள் என்று கேட்டார்கள்.

அப்போதுதான் முகநூலில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இருபத்தொரு நாட்களில் தொழில்முறைப் போர்ட்ஃபோலியோ, சொந்த இணைய முகவரி, நிறுவனங்களுக்கு நேரடிப் பரிந்துரை என்று அதில் போட்டிருந்தது. பம்பலப்பிட்டியில், காலி வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அலுவலகம். குளிரூட்டிய அறை, கண்ணாடிச் சுவர், மரியாதையாகப் பேசும் இளைஞர்கள். முற்பணமாக 40,000 ரூபாயும் வேலை முடிந்ததும் 35,000 ரூபாயும் என்று பேசி முடித்தோம்.

அந்த முதல் சந்திப்பை இப்போது திரும்ப நினைக்கும்போது, எச்சரிக்கை அந்த மேசையிலேயே இருந்தது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்குப் பிடித்த நிறம் என்ன, எத்தனை பக்கங்கள் வேண்டும், நல்ல புகைப்படம் இருக்கிறதா, அடையாள அட்டையின் பிரதியும் சான்றிதழ்களின் பிரதிகளும் கொண்டுவந்திருக்கிறேனா என்றெல்லாம் கேட்டார்கள். ஆனால் நான் மேசையில் விரித்து வைத்த புத்தகங்களில் ஒன்றையேனும் கையில் எடுத்து, இதில் நீங்கள் செய்தது எது, இந்த அட்டையை ஏன் இப்படி அமைத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேலையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காதவரால் அந்த வேலையைக் காட்டும் தொகுப்பை எப்படி உருவாக்க முடியும் என்று அன்று எனக்குத் தோன்றாமல் போனது. வேலை இல்லாத நான்காவது மாதத்தில் இருந்தேன். யாராவது பொறுப்பெடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

இரண்டாவது தவறு முழுக்க என்னுடையது. எந்தெந்த வேலைகள் தொகுப்பில் சேர வேண்டும் என்று நான் தெரிவு செய்து கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பென் டிரைவையே கொடுத்து, நல்லவற்றை நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரங்களில் ஒரு மாதிரியை அனுப்பினார்கள். அதில் ஆறு வேலைகள் இருந்தன, ஆறும் என்னுடையவை. கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுச் சம்மதம் தெரிவித்தேன். மீதிப் பணத்தைக் கட்டிய மறுவாரம், ஒரு நிறுவனத்தின் வெளியீட்டுப் பிரிவுக்கு என்னைப் பரிந்துரைத்திருப்பதாகவும் இணைப்பை நேரடியாக அவர்களுக்கே அனுப்பிவிட்டதாகவும் செய்தி வந்தது. இறுதித் தளத்தின் முகப்பைத் திறந்து பார்த்தேன். என் பெயரும் படமும் அழகாக இருந்தன. உள்பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை.

நேர்முகத் தேர்வில் எதிரே இருந்த அம்மையார் முதலில் காட்டியது ஒரு கவிதை நூலின் அட்டை. கரும்பச்சைப் பின்னணியில் ஒற்றைக் கோட்டுச் சித்திரம். மிகத் தேர்ந்த வேலை. இந்தத் தலைப்புக்கு எந்த எழுத்துருவைப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டார். அந்த அட்டையை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. அடுத்ததாக ஓர் ஆண்டறிக்கை, அதற்கு அடுத்ததாக ஒரு கண்காட்சிச் சுவரொட்டி. இரண்டும் என்னுடையவை அல்ல. இவை என் வேலைகள் அல்ல, எப்படி வந்தன என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். உங்கள் பெயரில் உள்ள தளத்தில் உங்களுக்குத் தெரியாமல் எப்படி வரும் என்று அவர் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது, அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு என்னுடைய உண்மையான வேலை ஒன்றுக்கு வந்தார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகளாகவும் குறியீடுகளாகவுமே இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். என் பழைய கோப்புகளில் பாதி பாமினியில் இருந்தவை. அவற்றின் பகுதிகளை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றாமல் அப்படியே எடுத்துத் தளத்தில் ஒட்டியிருந்தார்கள். தமிழ்ப் பக்க வடிவமைப்பாளர் என்று பெரிதாகப் போட்ட தலைப்பின் கீழே, புள்ளி வைக்க வேண்டிய இடங்களில் எல்லாம் அரைப்புள்ளிகளுடன், ஒரு சொல்லும் வாசிக்க முடியாத ஆங்கில எழுத்துக் குவியல் நின்றது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அதை ஒருமுறை பார்த்திருந்தாலும் அந்த நொடியே பிடிபட்டிருக்கும். அந்த அலுவலகத்தில் ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைக்காதது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உள்பக்கங்களை முழுமையாகப் பார்த்தேன். மொத்தம் பதினான்கு வேலைகள், எட்டு அந்நியமானவை. கூகிள் லென்ஸில் படங்களைக் கொடுத்துத் தேடியபோது ஐந்தின் மூலம், வடிவமைப்பாளர்கள் தம் வேலைகளைக் காட்சிக்கு வைக்கும் பெஹான்ஸ் தளத்தில் கிடைத்தது. வேறு வேறு நாடுகளில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் தங்கள் பெயரில் இட்டவை அவை. என்னைப் பற்றிய அறிமுகப் பத்தியின் ஒரு வாக்கியத்தை அப்படியே தேடியபோது, அதே வாக்கியம் வேறு மூன்று பேரின் தளங்களில், அவரவர் பெயருடன் இருந்தது. அவர்களும் என்னைப் போலப் பணம் கட்டியவர்களாக இருக்கலாம். தொலைபேசியில் கேட்டபோது, தொகுப்பு மெலிந்து தெரிந்ததால் கனத்துக்காகச் சேர்த்தோம், எல்லோருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள். நீக்கித் தருமாறு கேட்டதற்குத் திருத்தக் கட்டணம் 18,000 ரூபாய் என்றார்கள்.

கனத்துக்காகச் சேர்த்தது என்று அவர்கள் இலகுவாகச் சொன்னதன் பாரம் என் தலையில்தான் விழுகிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தன் படைப்பில் தன் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமை அதைப் படைத்தவருக்கு உண்டு. அந்த எட்டு வேலைகளிலும் படைத்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருந்தது. என் வேலையை வேறொருவர் தன்னுடையது என்று காட்டினால் எனக்கு எப்படி இருக்குமோ, அதைத்தான் அறியாமலே நான் எட்டுப் பேருக்குச் செய்திருந்தேன். மூலம் கிடைத்த ஐந்து பேருக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இருவர் பதில் எழுதினார்கள்.

அதே சட்டத்தின் இன்னொரு பக்கமும் என்னைச் சுட்டது. ஊழியராக இருந்து, வேலையின் பகுதியாகச் செய்த படைப்பின் பொருளாதார உரிமைகள், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, தொழில் கொடுத்தவருக்கே உரியவை. ஆகவே பழைய அச்சகத்தில் செய்த பக்கங்களைக் காட்டுவதற்கு முதலாளியிடம் ஒரு சொல் கேட்பது முறை. நான் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பிழை, பென் டிரைவில் இன்னும் வெளிவராத ஒரு நாவலின் பக்கங்களும் இருந்தன. அவற்றில் பன்னிரண்டைத் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். நூலாசிரியர் எப்படியோ கண்டு முதலாளியிடம் சொல்ல, அவர் என்னை அழைத்தார். ஏழு ஆண்டுகளில் ஒருமுறையும் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர், அன்றும் குரல் உயர்த்தவில்லை. “பிள்ளை, உம்மட கையிலதானே அதைத் தந்தனான்” என்று மட்டும் சொன்னார். 75,000 ரூபாயை விட அந்தச் சொல்தான் எனக்கு வலித்தது.

சான்றிதழ்ப் பகுதியில் என் அடையாள அட்டையின் படமும் மறைக்கப்படாமல் கிடந்தது. நம் நாட்டுப் பன்னிரண்டு இலக்க அடையாள அட்டை எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். எண்ணை வாசிக்கத் தெரிந்தவருக்கு வயதும் பிறந்த நாளும் அதிலேயே கிடைத்துவிடும் என்றால், முகவரியுடன் கூடிய படத்தைப் பொதுவெளியில் வைப்பது என்ன அநியாயம் என்று சொல்லத் தேவையில்லை. இணைய முகவரியும் என் பெயரில் பதிவு செய்யப்படவில்லை. பதிவு செய்தவர் என்ற இடத்தில் அவர்களின் பெயர் இருந்தது. என் பெயரைத் தாங்கிய முகவரியை இன்று அவர்களால் திறக்கவும் மூடவும் முடியும், என்னால் முடியாது. ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 அமெரிக்க டொலருக்குள் எவரும் தம் பெயரிலேயே பதிந்துகொள்ளக்கூடிய ஒன்று அது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்து மூலம் முறையிட்டிருக்கிறேன். அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழிமுறையைச் சொல்வார்கள். சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதைக் கவனத்தில் வையுங்கள். பேசிப் பேசியே நான் பதினொரு வாரங்களைக் கடத்தியிருந்தேன். பற்றுச்சீட்டு கேட்டு வாங்கியதும், அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததும்தான் எனக்குக் கைகொடுத்தன. விசாரணைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

இதற்கிடையில் தொகுப்பை நானே மறுபடி செய்தேன். அச்சகத்தில் எனக்கு வேலை பழக்கிய, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட ஐயா ஒருவரிடம் வெள்ளவத்தையில் அவருடைய வீட்டுக்குப் போய், செய்த புத்தகங்களை விரித்து வைத்தேன். ஒரு மும்மொழித் துண்டுப்பிரசுரத்தைக் கையில் எடுத்து, “ஏன் பிள்ளை, இந்தப் பக்கத்தில மட்டும் எழுத்தைச் சின்னனாக்கினீர்?” என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன். ஒரே செய்தியைச் சொல்ல ஆங்கிலத்தை விடத் தமிழ் கூடுதல் இடம் எடுக்கும். மூன்று மொழிக்கும் சம அகலப் பத்தி என்பது வாடிக்கையாளரின் கட்டளை. எழுத்தைச் சிறிதாக்கினால் முதியவர்கள் வாசிக்கச் சிரமப்படுவார்கள். முதல் பதிப்பில் சிறிதாக்கினேன். இரண்டாம் பதிப்பில் வாடிக்கையாளருடன் பேசிப் பத்தியின் அகலத்தை மாற்றி, எழுத்தைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தேன். இரண்டு பதிப்புகளும் என்னிடம் இருக்கின்றன. இதை எழுதி வையும் என்றார் ஐயா.

அதைத்தான் எழுதினேன். இப்போது என் தொகுப்பில் ஐந்து வேலைகள் மட்டுமே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் என்ன கேட்கப்பட்டது, எங்கே இடறியது, என்ன முடிவெடுத்தேன், குழுவாகச் செய்ததில் என் பங்கு எது, வேறு யாருடைய கை அதில் இருக்கிறது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். மும்மொழிப் பிரசுரத்தின் இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்திருக்கிறேன். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்தால் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காக அமைகிறது. ஆகவே பாமினிப் பக்கங்களை எல்லாம் மாற்றி, பொருத்தமான எழுத்துருவில் மறுபடி கோத்து, பிடிஎஃப் ஆக எடுத்து, வேறு இரண்டு கணினிகளிலும் ஒரு கைத்தொலைபேசியிலும் திறந்து பார்த்த பின்பே அனுப்புகிறேன். முதலாளியிடம் கடிதத்தில் அனுமதி கேட்டேன்; நாவலைத் தவிர மற்றவற்றுக்குத் தந்தார். இணைப்புக் கேட்பவர்களுக்காகப் பெஹான்ஸில் ஒரு கணக்குத் திறந்தேன், அதற்குக் கட்டணம் இல்லை. கடதாசி வாங்கி அச்சிட்ட ஒரு பிரதிக்கான செலவு மட்டுமே ஆனது.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் மருதானையில் ஓரிடத்தில் அந்த அச்சுப் பிரதியை வைத்து நாற்பது நிமிடங்கள் பேசினோம். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது.

பழைய தளம் இதை எழுதும் இன்றும் திறக்கிறது. கரும்பச்சை அட்டையுடன் கூடிய கவிதை நூலும், ஆண்டறிக்கையும், கண்காட்சிச் சுவரொட்டியும், மற்ற ஐந்தும் அதில் என் பெயருக்குக் கீழே இருக்கின்றன. எங்கேனும் அவற்றைக் காண்பவர்கள் தயவுசெய்து அறிந்துகொள்ளுங்கள், அவை என்னுடையவை அல்ல.