டிரெயின்ஸ் சர்வேயர்: போர் காட் மலைப்பாதையில் தண்டவாளம் போட்டுப் பார்த்த அனுபவம்

ரயில் சிமுலேட்டர்களில் வண்டி ஓட்டுவதைவிடப் பாதை அமைப்பதில் நாட்டம் உள்ளவர்களுக்கு டிரெயின்ஸ் புதிய பெயர் அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து ஆரன் நிறுவனம் 2001-இல் தொடங்கிய இந்த விளையாட்டுத் தொடரை இப்போது என்3வி நிறுவனம் நடத்தி வருகிறது. இதன் பாதை எடிட்டருக்குச் சர்வேயர் என்று பெயர். சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில்கள் லோனாவலாவைத் தாண்டி இறங்கும் போர் காட் மலைப்பகுதியை, அதாவது கர்ஜத்–லோனாவலா இடையே சுமார் 28 கி.மீ. நீளமுள்ள மூன்று வழிப் பாதையை, அதில் அமைக்கத் தொடங்கி ஆறு மாதமாகிறது. மரம், கட்டடம், சிக்னல் எதையும் இங்கே பேசப்போவதில்லை. தண்டவாளம் போடுவதில் இந்தக் கருவி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே இன்பமானது. நிலம் 720 மீட்டர் சதுரப் பலகைகளாகக் கிடைக்கிறது. ஓரிடத்தில் கிளிக் செய்து இன்னோரிடத்தில் கிளிக் செய்தால் ஜல்லி, ஸ்லீப்பர், தண்டவாளம் எல்லாம் சேர்ந்து ஒரே நாடாவாக விரிந்துவிடும். இந்த நாடாவுக்கு ஸ்ப்லைன் என்று பெயர். அதன் முனைகளிலுள்ள வட்டங்களைப் பிடித்து இழுத்தால் பாதை ரப்பர் போல வளைந்து கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரில் குறிப்பிட்ட நீளமும் வளைவும் கொண்ட துண்டுகளைப் பொம்மை ரயில் போலக் கோத்து, கடைசித் துண்டு அரை மீட்டர் தள்ளி நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தின் அருமை புரியும்.

சிக்கலும் இந்தச் சுதந்திரத்திலிருந்துதான் வருகிறது. உண்மையான பாதை நேர்கோடும் வட்டவில்லும், இரண்டையும் இணைக்கும் மாறுவளைவும் சேர்ந்தது. ஸ்ப்லைனுக்கோ வட்டம் என்றால் என்னவென்று தெரியாது. புள்ளிகளின் வழியே தனக்குத் தோன்றிய விதத்தில் வழுக்கிச் செல்லும். ஒரு புள்ளியை நகர்த்தினால் அதன் இரு பக்கத்து வளைவும் மாறிவிடும். ஒரு துண்டை மட்டும் நேராக்கினால், அது விட்ட வளைவு முழுவதும் அடுத்த துண்டின் தலையில் போய் விழும். மேலிருந்து பார்க்கையில் கண்ணுக்குத் தெரியாத இந்த ஒடிவு, என்ஜின் கேபினில் உட்கார்ந்து ஓட்டும்போது முகப்பு வெடுக்கென்று திரும்புவதில் அப்பட்டமாகத் தெரியும்.

இந்திய ரயில்வேயில் வளைவை டிகிரியில் சொல்வார்கள்: 1750-ஐ டிகிரியால் வகுத்தால் ஆரம் மீட்டரில் கிடைக்கும். அகலப் பாதையில் 10 டிகிரிதான் உச்சம், அதாவது 175 மீட்டர் ஆரம். சர்வேயரில் 60 மீட்டர் ஆரத்துக்கு வளைத்தாலும் கருவி மறுப்பு சொல்லாது, சரக்கு ரயிலும் அதில் கூசாமல் போகும். ஆகவே கணக்கை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். பாதைப் பராமரிப்பு ஊழியர்கள் 20 மீட்டர் நாண் பிடித்து, அதன் நடுவிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளப்பது வழக்கம். 5 டிகிரி வளைவில் அது ஏறக்குறைய 14 செ.மீ. வரும். திரையில் இதை அளப்பது கண்ணுக்குக் கேடு என்பதால் நான் 40 மீட்டர் நாண் எடுத்துக்கொண்டு, நடுவில் 57 செ.மீ. வருகிறதா என்று அளவுகோல் கருவியால் சரிபார்க்கிறேன். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் ஸ்ப்லைன் ஓரளவுக்கு வட்டத்தை ஒட்டி நிற்கிறது. நூறு வளைவுக்கு இதைச் செய்வதற்குப் பொறுமை மட்டும் போதாது, வீட்டாரின் சம்மதமும் வேண்டும்.

ஏற்றத்தில் கருவி நன்றாகவே நடந்துகொள்கிறது. போர் காட்டின் பெயர்பெற்ற ஏற்றம் 37-க்கு 1, அதாவது 37 மீட்டர் போவதற்குள் 1 மீட்டர் உயரும். கர்ஜத்தில் பேங்கர் என்ஜின்கள் பின்னால் சேர்ந்து தள்ளுவது அதற்காகத்தான். சர்வேயர் சதவீதத்தைக் கேட்கிறது, எனவே 2.7 என்று கொடுத்தால் போதும்; ஒரு பலகை நீளத்துக்குள் பாதை சுமார் 19.5 மீட்டர் உயர்ந்துவிடும். ஆனால் துண்டுகள் முனைப்புள்ளியைப் பகிர்ந்துகொள்வதால் கீழிருந்து மேலாக வரிசை தவறாமல் போக வேண்டும். அவசரத்தில் நான் நடுவிலிருந்து தொடங்கி, ஒரு சுரங்கப்பாதையின் வாயைப் பாறைக்குள் புதைத்துவிட்டு, மூன்று மாலை வேளைகளைத் தொலைத்தேன்.

பெரிய வேறுபாடு தெரிவது நிலத்தில். புதிய அகலப் பாதைகளுக்கு இரு தண்டவாளங்களின் மையங்களுக்கிடையே 5.3 மீட்டர் விடுகிறார்கள். பழைய சர்வேயரில் நிலத்தை உயர்த்தித் தாழ்த்த உதவும் கட்டம் ஒவ்வொன்றும் 10 மீட்டர் அல்லது 5 மீட்டர் அகலம். மலைச்சரிவில் வெவ்வேறு மட்டத்தில் ஓடும் இரண்டு வழிகள் ஒரே கட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டால், ஒன்றுக்காக நிலத்தைச் சமன்செய்யும்போது மற்றது மண்ணில் மூழ்கும் அல்லது அந்தரத்தில் தொங்கும். தடுப்புச் சுவர் வைத்து மறைப்பதைத் தவிர வழியில்லை. டிரெயின்ஸ் பிளஸ் பதிப்பில் வந்த சர்வேயர் 2.0-வில் கட்டத்தை 12.5 செ.மீ. வரை நுணுக்க முடிகிறது. மூன்றாவது வழி மற்ற இரண்டையும் விட்டு உயர்ந்து செல்லும் இடங்களை நான் அழித்துவிட்டு மறுபடி அமைத்தது இதன் துணையால்தான். மலைப்பாதை அமைக்க விரும்புகிறவர் இந்த ஒரு வசதிக்காகவே புதிய பதிப்பை எடுக்கலாம். அது சந்தா முறையில் வருகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பாதையிலிருந்து இன்னொன்று பிரியும் பாயிண்ட் அமைப்பது எளிது: இருக்கும் பாதையின் ஒரு புள்ளியிலிருந்து புதிய பாதையை இழுத்தால் லீவர் தானாக வந்து நிற்கும். 12-க்கு 1 என்ற கணக்கில், அதாவது 12 மீட்டருக்கு 1 மீட்டர் வீதம், புதிய பாதை விலகுகிறதா என்று பார்ப்பது மட்டும் நம் பொறுப்பு.

டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக் என்ற வேறொரு சிமுலேட்டரின் எடிட்டர் வளைவு விஷயத்தில் கண்டிப்பானது. நேர்கோடு, வட்டவில், மாறுவளைவு என்று தனித்தனியே கேட்டு வாங்கும். யார்டு நிறைந்த சமவெளிப் பாதை என்றால் அதையே பரிந்துரைப்பேன். பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டர் உண்டு. ஆனால் துண்டு கோக்கும் வேலையிலிருந்து அங்கே விடுதலை இல்லை.

இப்போதைக்கு லோனாவலாவிலிருந்து மங்கி ஹில் வரை மூன்று வழிகளும் முடிந்திருக்கின்றன. பாதை போட்டு முடித்த ஒவ்வொரு பலகையிலும் தனி என்ஜின் ஒன்றை மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கேபினிலிருந்தே ஓட்டிப் பார்த்து, முகப்பு வெடுக்கென்று திரும்பும் இடங்களைத் தாளில் குறித்துக்கொள்கிறேன். நேற்றைய தாளில் பதினொன்று இருந்தன.